உடையார்கட்டுக்கு ஒரு பேட்டரி

ஈரோட்டிலிருந்து ஒருவன் கடல் தாண்டிப் போய்த்தான் ஒரு சார்ஜ் கண்ட்ரோலர் வாங்கிக் கொடுக்க வேண்டுமா என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான். பெட்டியை மூடிக்கொண்டே, போய்விட்டு வந்து பதில் சொல்கிறேன் என்றேன்.

எனக்கு ஒரு பழைய வேன் இருக்கிறது. கட்டில், அடுப்பு, மின்விசிறி எல்லாம் வைத்து அதை ஓடும் வீடாக மாற்றியிருக்கிறேன். அதன் ஒயரிங்கை நானே செய்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அந்தத் திமிரை வீடியோவாக எடுத்து இணையத்தில் போடுவதும் உண்டு. அதைப் பார்த்துவிட்டு சுவிஸிலிருந்து சுகந்தி என்ற பெண் எழுதினார். அவருடைய பெற்றோர் வன்னியில், ஒட்டுசுட்டானில் இருக்கிறார்கள். அவர்களிடமும் அப்படி ஒரு வேன் இருக்கிறது. கூரையில் சோலார் பேனலும் உள்ளே லித்தியம் பேட்டரியும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து எவ்வளவு மின்சாரம் ஏற்றுவது என்று தீர்மானிக்கும் சிறு பெட்டிதான் சார்ஜ் கண்ட்ரோலர். அதுதான் அவர்கள் வேனில் எரிந்துகொண்டே இருந்தது. ஒன்று போய் இன்னொன்று, அதுவும் போய் இன்னொன்று.

சுகந்தியின் அம்மாவுக்கு நுரையீரல் காய்ந்து சுருங்கி வருகிறது. படுத்தாலும் நடந்தாலும் மூக்கில் குழாயோடு ஆக்சிஜன் இயந்திரம் ஓட வேண்டும். வீட்டில் கரண்ட் இருக்கிறது, பிரச்சினை இல்லை. ஆனால் அவர் உடையார்கட்டில் தங்கள் பழைய காணியில் ஒரு வாரம் தங்க வேண்டும் என்கிறார். அங்கே வீடும் இல்லை, கரண்டும் இல்லை. போரின் கடைசி இடப்பெயர்வில் மகன் சுதன் அங்கேதான் காணாமல் போனான். வருடா வருடம் அந்த நாளில் போய் விளக்கு வைத்துவிட்டு வருவார். அடுத்த வருடம் போக முடியுமா என்று டாக்டரிடம் கேட்டதற்கு அவர் பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போய்விட்டாராம். அதனால்தான் இந்த முறை ஒரு வாரம். அந்த ஒரு வாரத்துக்கு மூச்சு கொடுப்பது பேட்டரி, பேட்டரிக்குச் சோறு போடுவது அந்தச் சின்னப் பெட்டி.

வவுனியாவில் காலைச் சாப்பாடு இடியப்பமும் சொதியும். எங்கள் ஊர் இடியாப்பத்துக்குத் தேங்காய்ப் பாலும் சர்க்கரையும்தான் எனக்குப் பழக்கம். இங்கே அந்த மஞ்சள் நிறச் சொதியைத் தளதளவென்று ஊற்றிவிட்டு மேலே ஒரு பிடி சம்பலும் வைத்தார்கள். காரம் காது வரை போனது. தண்ணீர் கேட்டேன். கடைக்காரர் என் தமிழைக் கேட்டுவிட்டு, இந்தியாவோ என்றார். ஆமாம் என்றேன். ஓம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று பக்கத்து மேசைப் பெரியவர் திருத்தினார். அவர் சிரிக்கவில்லை, உண்மையாகவே சொல்லிக் கொடுத்தார். அந்தப் பயணத்தில் நான் மனம்விட்டுச் சிரித்த கடைசிக் காலை அதுதான் என்று நினைக்கிறேன்.

முல்லைத்தீவு பஸ் நெடுங்கேணி தாண்டியதும் காட்டுக்குள் சட்டென்று நின்றது. டயர் பஞ்சராகி ஏற்கெனவே ஒரு தடவை நின்றுவிட்டோம், மறுபடியுமா என்று எரிச்சல் வந்தது. பக்கத்தில் இருந்தவர் கையைக் காட்டினார். "யானை நிக்குது. அவர் போனாப் பிறகுதான் நாங்கள் போகலாம்." வயல்கள் விளைந்து நிற்கும் மாதம். யானைக்கும் அது தெரியும்.

எங்கள் சத்தியமங்கலம் சாலையில் யானை நின்றால் பாதி பஸ் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் பாயும். இங்கே யாரும் படம் எடுக்கவில்லை. ஒருவரும் பேசவில்லை. பஸ் நின்ற அந்த நொடியில் எல்லோரும் செய்த காரியம் ஒன்றுதான். காலடியில் இருந்த பைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். முன் இருக்கைப் பெண் பையின் வாரைக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டார். யானை போய், பஸ் கிளம்பிய பிறகும் சிலர் பையைக் கீழே வைக்கவில்லை. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அப்போது அவ்வளவுதான் தோன்றியது.

ஒட்டுசுட்டானில் இறங்கியபோது சுகந்தியின் அப்பா கனகலிங்கம் ஐயா சைக்கிளோடு நின்றார். எழுபதைத் தாண்டியவர், ஆனால் கைகள் திடமாக இருந்தன. ஒரு காலத்தில் டிராக்டர் மெக்கானிக். களைத்துப் போனீர்களோ என்று கேட்டுவிட்டு என் பெட்டியை நான் மறுக்க மறுக்க வாங்கிக் கட்டிக்கொண்டார். வழியெல்லாம் கண்ட்ரோலர்களின் குறையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். எல்லாம் சீனச் சாமான், நம்ப முடியாது, ஒன்றும் நிலைக்கவில்லை.

அவர் மனைவி பூமணி அம்மா வாசலில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். மூக்கிலிருந்து குழாய் இறங்கி உள்ளே போனது. எலும்பும் தோலுமான முகம், அதில் பெரிய கண்கள். நாலைந்து சொல்லுக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். எனக்குக் குளத்து மீன் குழம்பு வைத்திருப்பதாகச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல ஐயாதான் குசினியில் சமைத்தாராம். குழம்பு அருமையாக இருந்தது. நான் ரசித்துச் சாப்பிடுவதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"தம்பி, சரிவருமோ?"

கட்டாயம் சரிவரும் என்றேன். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் வேனைப் பார்த்தேன். சுகந்தி குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்தபோது நாடு சுற்றுவதற்காக வாங்கி மாற்றிய வேன். ஒரே ஒரு தடவை சுற்றினார்களாம். பிறகு பிள்ளைகளுக்குப் படிப்பு, அவர்கள் வருவது நின்றுவிட்டது. உள்ளே மெத்தை உறையில் இன்னும் பிளாஸ்டிக் கூடக் கழற்றவில்லை. எரிந்துபோன கண்ட்ரோலர்களை ஐயா ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார். மூன்றும் மலிவான பழைய வகை. கூரையில் இருப்பதோ வீட்டுக்கு மாட்டும் பெரிய பேனல், அதன் வோல்டேஜ் பேட்டரியைப்போல மூன்று மடங்கு. பழைய வகைக் கண்ட்ரோலருக்கு அந்த வித்தியாசத்தை உருப்படியாகப் பயன்படுத்தத் தெரியாது, பாதியை வீணாக்கிவிடும், அதனால்தான் எரிகிறது என்று முடிவு கட்டினேன். புதிய வகை, கூடுதல் வோல்டேஜை எடுத்துக் கூடுதல் கரண்டாக மாற்றிக் கொடுக்கும். மேகம் போட்ட நாளிலும் அம்மாவின் இயந்திரத்துக்கு அதுதான் நல்லது. இதையெல்லாம் ஐயாவுக்கு நான் விரிவாகவே சொன்னேன். என் வீடியோக்களில் பேசும் அதே குரலில் சொன்னேன் என்பது இப்போது ஞாபகம் வருகிறது. அவர் பொறுமையாகத் தலையாட்டினார்.

கண்ட்ரோலர் வாங்கத் தண்ணீரூற்றுக்குப் போனோம். அங்கே நஸீர் நானாவின் கடை. பம்ப், பேட்டரி, யானை வேலிக்குப் போடும் சோலார் சாமான் எல்லாம் அவரிடம் உண்டு. ஐயாவைக் கண்டதும் நானாவின் முகம் மாறியது. மூன்றும் அவர் கொடுத்தவைதான், முதலாவதை விற்றுவிட்டு மற்ற இரண்டையும் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தவர். என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

"இதே பெட்டி நிறையப் பேர் கொண்டுபோயிருக்கினம். இவர் கொண்டுபோறது மட்டும்தான் எரியுது."

பேனல் பெரியது, அதுதான் காரணம் என்று நான் அவருக்கும் பாடம் எடுத்தேன். நானா அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பிளேன் டீ வரவழைத்துக் கொடுத்தார், கூடவே கடிக்கச் சர்க்கரைத் துண்டும். அலமாரியிலிருந்து புதிய வகையில் இரண்டு மூன்றை எடுத்து வைத்தார். நான் அதில் நல்லதாகத் தெரிந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பளபளவென்று திரையெல்லாம் இருந்தது. போட்டதும் பேட்டரி எத்தனை வோல்ட் என்று தானே கண்டுபிடித்துக்கொள்ளும். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் காலையில் அதைப் பொருத்தினேன். வெயில் ஏற ஏறத் திரையில் எண்கள் ஏறின. ஐயா என் தோளைத் தட்டினார். அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து வேனில் படுக்கவைத்து இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தோம். அதன் உள் பேட்டரி செத்து வெகுநாளாகிவிட்டது, வேன் பேட்டரி கொடுத்தால்தான் உண்டு. சீராக ஓடியது. அம்மா கண்ணை மூடிக் கிடந்தார். உடையார்கட்டுக்கு எப்போது வெளிக்கிடலாம் என்று கேட்டார். நாளைக்கே என்றேன். எல்லோரும் இறங்கி வீட்டுக்குள் போனோம். நான் துண்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.

குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு வரும்போது பார்க்கிறேன், உச்சி வெயிலில் ஐயா வேனிலிருந்து பேட்டரியை இடுப்பில் ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் போகிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேனுக்கு ஓடினேன். உள்ளே கருகிய நாற்றம். கண்ட்ரோலரின் திரை இருண்டு கிடந்தது.

சோலார் வேலையில் முதல் பாடமே இதுதான். பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் பேனலைக் கழற்ற வேண்டும். வெயிலில் பேனல் அனுப்பிக்கொண்டே இருக்கும்போது பேட்டரியைப் பிடுங்கினால் வந்த மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. சில கண்ட்ரோலர்கள் தாங்கும், பல தாங்காது. நான் பெருமையோடு வாங்கியதும் தாங்கவில்லை. முந்தைய மூன்று கண்ட்ரோலர்களும் பேனலால் சாகவில்லை, சீனாவாலும் சாகவில்லை. வேனை விட்டு இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஐயா பேட்டரியைக் கழற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறார்.

எனக்குக் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளாமல் கேட்க முயன்றேன், முடியவில்லை. ஏன் ஐயா கழற்றினீர்கள், திருடன் பயமா என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு ஏன்? அவருக்கே அது ஒரு கேள்வியாகப் படவில்லை. இறங்கினால் பேட்டரியை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். சட்டையைப் போட்டால் பொத்தானைப் போடுவதுபோல. இனிமேல் கழற்றாதீர்கள் என்றேன். சரி என்றார். ஆனால் அந்தச் சரியை நான் நம்பவில்லை. சரி, கழற்றினாலும் முதலில் பேனலுக்கு ஒரு சுவிட்ச் போட்டுத் தருகிறேன், அதை அணைத்துவிட்டுப் பிறகு பேட்டரியில் கை வையுங்கள் என்றேன்.

அவர் என்னை மடக்குவதற்காக அல்ல, உண்மையாகவே யோசித்துவிட்டுக் கேட்டார்.

"ஓடேக்கை அதுக்கெல்லாம் நேரம் இருக்குமோ தம்பி?"

ஓடும்போது என்கிறார், எதற்காக ஓடும்போது என்று எனக்குப் புரியவில்லை. அவர் பேட்டரியை அலமாரிக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

பூமணி அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காரச் சொன்னார். அவர் சொன்னதை மூச்சு வாங்கிய இடங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன். சொல்லி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது.

"அண்டைக்கு உடையார்கட்டால வெளிக்கிடேக்கை எல்லாம் ஏத்தியாச்சு. பற்றரி மட்டும் வீட்டில நிண்டிட்டுது. லைற்றுக்கும் ரேடியோவுக்கும் எங்களிட்ட இருந்த ஒரே பற்றரி. இவர் கழட்ட மறந்திட்டார். பாதி வழியிலதான் ஞாபகம் வந்தது. சுதன், நான் போய் எடுத்துக்கொண்டு வாறன் அப்பா எண்டு சைக்கிளைத் திருப்பினவன். இவர் போகாதை எண்டு சொல்லேல்லை. நானும் சொல்லேல்லை. பற்றரி தேவைதானே."

இவ்வளவுதான் சொன்னார். அழவில்லை. ஊருக்கு ஊர் போய் ஒயரிங் பற்றிப் பேசுகிற நான், அந்த வீட்டில் ஒரு பேட்டரியைப் பார்த்து இவ்வளவு பயப்படுவேன் என்று நினைக்கவில்லை. பஸ்ஸில் பையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டவர்களை வேடிக்கை பார்த்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

மாலையில் தனியாகத் தண்ணீரூற்றுக்குப் போனேன். நஸீர் நானாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் எரிந்த பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலமெல்லாம் தன் வாப்பா இங்கே பூட்டிவிட்டுப் போன வீட்டின் திறப்பை, அந்தச் சாவியை, இடுப்பிலேயே வைத்திருந்தார், குளிக்கும்போதும் கழற்றமாட்டார், திரும்பி வந்தபோது கதவே இல்லை என்றார். பிறகு கடைக்காரராக மாறி, இப்போது என்ன வேண்டும் என்று கேட்டார்.

இந்தத் தடவை எனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தது. திரை வேண்டாம். தானே கண்டுபிடிக்கும் புத்திசாலித்தனம் வேண்டவே வேண்டாம். கழற்றி மாட்டும் போதெல்லாம் அது குழம்பும். பன்னிரண்டு வோல்ட் என்று ஒரு தடவை கையால் வைத்துவிட்டால் அப்படியே நிற்கும் பெட்டி வேண்டும். கூடவே தடித்த பிளக் இரண்டு ஜோடி. நானா அலமாரியின் பின்னாலிருந்து தூசி தட்டி ஒன்றை எடுத்தார். புதிய வகைதான், ஆனால் பார்க்க லட்சணமில்லாத, வெறும் விளக்குகள் மட்டும் உள்ள பெட்டி. யானை வேலிக்காரர்கள் வாங்குவதாம். அவர்கள் வேலியில் மாதக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள், அப்படியும் ஓடும் என்றார்.

மறுநாள் பேட்டரியின் ஒயரையும் பேனலின் ஒயரையும் அந்த இரண்டு பிளக்குகள் வழியாகக் கொண்டுவந்தேன். இரண்டையும் சேர்த்துப் போல்ட் போட்டு ஒரே கைப்பிடியில் இறுக்கினேன். கைப்பிடியை ஒரே இழுப்பு இழுத்தால் பேனலும் பேட்டரியும் சேர்ந்தே கழலும். ஐயாவைக் கூப்பிட்டு இழுத்துப் பார்க்கச் சொன்னேன். இழுத்தார். பேட்டரியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார், ஏறி மறுபடி மாட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. நல்ல வெயிலில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம். பெட்டி சாகவில்லை. அவர் முகத்தில் நான் அங்கே வந்த பிறகு முதல் தடவையாக ஒரு நிம்மதியைக் கண்டேன். இது கெதியாக் கழலுது, சட்டெண்டு கையோட வருது என்றார்.

ஆனால் பேட்டரி இறங்கினால் இயந்திரம் நிற்கும். அதற்கு என்னிடம் வழி இல்லை. அம்மா வேனில் இருக்கும்போது எடுக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஐயா தலையாட்டினார்.

உடையார்கட்டுக்கு அடுத்த நாள் வெளிக்கிட்டோம். புதுக்குடியிருப்பில் பாண் ரொட்டி வாங்கினோம். வழியில் ஒரு புதுக் கோயில், ஒரு புதுப் பள்ளிக்கூடம், ஒரு புது விளையாட்டு மைதானம். எங்கள் ஊரில் புதுக் கட்டடத்தைக் கண்டால் ஊர் வளர்கிறது என்று நினைப்போம். இங்கே பழையது ஒன்றாவது கண்ணில் படுமா என்று தேடிக்கொண்டு போனேன். காணி வந்ததும் கிடைத்தது. இடுப்பளவு நிற்கும் ஒரு சுவர், அதை ஒட்டி ஒரு தென்னை. சுவர் முழுக்கச் செடி படர்ந்திருந்தது.

வேனைச் சுவருக்கு எதிரே நிறுத்தினார் ஐயா. பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அம்மா கட்டிலில் ஜன்னலோரம் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார், இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் பெட்டியைப் பார்த்தேன், எல்லாம் சரி. ஒரு வாரத்துக்குக் கவலை இல்லை என்று சொல்லத் திரும்பினேன். அதற்குள் ஐயா கைப்பிடியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார்.

இயந்திரம் கீச்சென்று கத்தத் தொடங்கியது. ஐயா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. பேட்டரியை இடுப்பில் ஏந்திக்கொண்டு படியில் இறங்கினார். நான் பாய்ந்து தடுக்கப் போனேன். அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"விடுங்கோ தம்பி. இது இல்லாமலும் கொஞ்ச நேரம் இருப்பன்."

வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். நெஞ்சு குழி விழுந்து விழுந்து எழுந்தது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முதுகைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தோம்.

ஐயா சுவருக்கு முன்னால் போய் நின்றார். செடியைக் காலால் விலக்கிவிட்டுப் பேட்டரியைத் தரையில் வைத்தார். வைத்து, நிமிர்ந்து, அந்தப் பாதி வீட்டைப் பார்த்துப் பேசினார். சாப்பிட வா என்று கூப்பிடுகிற சாதாரணக் குரல்தான்.

"பற்றரி எங்களிட்டத்தான் இருக்கு, மோனை. நீ தேடாதை. வா."

அம்மா என் கையை விட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. இருந்த மூச்சையெல்லாம் திரட்டி வெளியே சொன்னார்.

"பலத்துச் சொல்லுங்கோ. அவனுக்குக் கேக்காது."